ஒத்திகையில் ஓடியது, மேடையில் விழுந்தது!

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மூன்று வீடுகள் ஏன்?

2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

பிரிட்டனில் டி.எஸ்.பி. என்று ஒரு பாங்கி. அதன் வாடிக்கைக்காரர்கள் சுமார் 52 லட்சம் பேர். வெள்ளிக்கிழமை மாலையில் இருந்து அந்தப் பாங்கியின் கம்ப்யூட்டர் வேலைகளை நிறுத்தி வைத்து இருந்தார்கள். பழைய சாப்ட்வேரில் இருந்து புதிய சாப்ட்வேருக்கு எல்லாக் கணக்குகளையும் மாற்றப் போகிறோம், ஞாயிறு மாலை வரை பொறுத்துக் கொள்ளுங்கள் என்று முன்பே அறிவித்து இருந்தார்கள்.

ஞாயிறு மாலை வந்தது. புதிய சாப்ட்வேர் திறக்கப்பட்டது.

செல்போனில் கணக்கைப் பார்க்க முயன்றார்கள். கணக்கு திறக்கவில்லை. மறுபடியும் முயன்றார்கள். மறுபடியும் திறக்கவில்லை.

சிலருக்குத் திறந்தது. ஆனால், அது அவர்களுடைய கணக்கு அல்ல. முன்பின் தெரியாத வேறு யாரோ ஒருவருடைய கணக்கு!

திங்கட்கிழமை பொழுது விடிந்தது. டெலிபோனில் கேட்கலாம் என்றால் லைன் கிடைக்கவில்லை. நேரில் போகலாம் என்று கிளைக்குப் போனால், அங்கே உள்ள சிப்பந்திகளின் கம்ப்யூட்டரும் திண்டாடியது. வீட்டு வாடகை கட்ட வேண்டியவர்கள், ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டிய சிறு வியாபாரிகள் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள்.

19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். குழப்பத்தில் மீன் பிடிக்கத் திருடர்களும் வந்து சேர்ந்தார்கள். பாங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஏமாற்றி, சுமார் 1,300 பேருடைய பணத்தைச் சுருட்டினார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் மாதம் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாடிக்கைக்காரர்களின் கணக்கு விவரங்கள் எல்லாம் புதிய இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து இருந்தன. ஒன்றும் தொலையவில்லை. அவற்றை எடுத்துக் காட்ட வேண்டிய சாப்ட்வேர்தான் படுத்துக் கொண்டது.

இவ்வளவு பெரிய பாங்கி. சோதித்துப் பார்க்காமலா திறந்தார்கள்?

சோதித்தார்கள். மாதக் கணக்கில் சோதித்தார்கள்.

அப்படி இருந்தும் விழுந்தது ஏன்? அது தெரிய வேண்டுமானால், ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எங்கே பிறக்கிறது, எங்கே பழகுகிறது, எங்கே வேலைக்குப் போகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

தீபாவளித் தள்ளுபடி

பத்து ஊர்களில் கிளை வைத்து இருக்கும் ஒரு ஜவுளிக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்க முதலாளி முடிவு செய்கிறார். பில் போடும் கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவரைக் கூப்பிடுகிறார். அவர் நேராகக் கல்லாவில் உள்ள கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து திருத்தினால் என்ன ஆகும்?

எதிரே ஐம்பது பேர் பில்லுக்காக நிற்கிறார்கள். ஒரு புள்ளி இடம் மாறினால், ஆயிரம் ரூபாய்ப் புடவை நூறு ரூபாய்க்குப் போய்விடும். தவறு தெரிவதற்குள் பத்து ஊர்க் கடையும் காலியாகிவிடும்!

அதனால்தான் பெரிய கம்பெனிகள் ஒரே புரோகிராமுக்கு மூன்று வீடுகள் வைக்கின்றன.

முதல் வீடு பட்டறை. இதற்கு டெவலப்மெண்ட் என்று பெயர். சிப்பந்திகள் சுருக்கமாக 'டெவ்' என்பார்கள். எழுதுவது, அழிப்பது, உடைப்பது, ஒட்டுவது எல்லாம் இங்கேதான். இங்கே என்ன உடைந்தாலும் வெளியே யாருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டாவது வீடு ஒத்திகைக் கொட்டகை. இதற்கு டெஸ்டிங் என்று பெயர். எழுதியவர் அல்லாத வேறு ஆட்கள் இங்கே அந்தப் புரோகிராமைப் பிடித்து உலுக்குவார்கள். தள்ளுபடியில் வாங்கிய புடவையைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பணம் திருப்ப வேண்டும்? ஏற்கனவே தள்ளுபடியில் உள்ள துணிக்கு இன்னொரு தள்ளுபடி விழுமா? இரவு 12 மணிக்குத் தள்ளுபடி முடிகிறது என்றால், 11-59-க்கு ஆரம்பித்த பில் என்ன ஆகும்? இப்படிக் குதர்க்கமாகக் கேட்பதுதான் அவர்களுடைய உத்தியோகம். முதலாளியின் கணக்குப்பிள்ளையும் வந்து உட்கார்ந்து, "ஆமாம், நாங்கள் கேட்டது இதுதான்" என்று தலை ஆட்ட வேண்டும்.

மூன்றாவது வீடு மேடை. இதற்கு புரொடக்ஷன் என்றும், லைவ் என்றும் பெயர். இங்கே நிற்பது நிஜ வாடிக்கைக்காரர். கை மாறுவது நிஜப் பணம்.

இந்த ஒவ்வொரு வீட்டையும் 'என்விரான்மெண்ட்' என்று கம்ப்யூட்டர்க்காரர்கள் சொல்வார்கள். சுற்றுப்புறச் சூழலுக்குச் சொல்லும் அதே வார்த்தைதான். புரோகிராம் சுவாசிக்கும் காற்று என்று வைத்துக் கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எந்திரம், தனி விவரப் பெட்டி, தனிச் சாவி. சில கம்பெனிகளில் நான்கு, ஐந்து வீடுகள்கூட உண்டு.

ஒத்திகைக் கொட்டகையில் நிஜ வாடிக்கைக்காரர்களின் பெயரும் செல்போன் எண்ணும் இருக்கக் கூடாது. இருந்தால், சோதனைக்கு அனுப்பிய தகவல் நிஜ மனிதருக்குப் போய்விடும். "உங்கள் கணக்கில் இருந்து 5 லட்சம் ரூபாய் எடுக்கப்பட்டது" என்று நள்ளிரவில் ஒரு செய்தி வந்தால் வீட்டில் யாராவது தூங்குவார்களா? அதனால் அங்கே வசிப்பவர்கள் எல்லாம் கற்பனை மனிதர்கள். 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று பெயர் இருக்கும். ஒருவருக்கு வயது 999 இருக்கும். இன்னொருவர் நாளைக்குத்தான் பிறந்து இருப்பார். புரோகிராம் திணறுகிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே படைக்கப்பட்ட பிரஜைகள்!

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கம்பெனிகளில் இந்த உலுக்கும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று ஊரில் கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டரில்" என்று பெற்றோர் சொல்வார்கள். மற்றவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை என்று சொன்னால், சம்பளம் கொடுத்து அதற்கு ஆள் வைப்பார்களா என்று ஊரார் நம்பமாட்டார்கள். வைக்கிறார்கள்.

மேடைக்குப் பூட்டு

ஜெர்மனியில் சாப் என்று ஒரு கம்பெனி. 1972-ம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலைகளின் கொள்முதல், சரக்கு இருப்பு, சம்பளம், வரவு செலவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் சாப்ட்வேரை அது விற்கிறது.

அந்த சாப்ட்வேரை வாங்குகிற கம்பெனிகள் வழக்கமாக மூன்று வீடுகளையும் சேர்த்தே கட்டுகின்றன. பட்டறையில் செய்த திருத்தத்தை ஒரு மூட்டையாகக் கட்ட வேண்டும். அந்த மூட்டைக்கு ஒரு நம்பர். அது முதலில் ஒத்திகைக் கொட்டகைக்குப் போகும். அங்கே தேறினால், அதே மூட்டை, அதே நம்பருடன், பிரிக்கப்படாமல் மேடைக்குப் போகும். 'டிரான்ஸ்போர்ட்' என்று அதற்குப் பெயர். லாரி சர்வீஸ் மாதிரிதான்!

மேடையில் யாரும் நேராகக் கை வைத்துத் திருத்த முடியாதபடி பூட்டி வைப்பார்கள். "ஒரே ஒரு எழுத்துத்தான், இங்கேயே மாற்றி விடுகிறேன்" என்று எவ்வளவு கெட்டிக்காரர் கேட்டாலும் விடக் கூடாது. புரோகிராம் எழுதியவர் கையில் மேடையின் சாவி இருக்கக் கூடாது என்பதும் பல கம்பெனிகளில் கண்டிப்பான விதி. கணக்கு எழுதுகிறவரிடமே பெட்டிச் சாவியையும் கொடுக்காத பழைய மண்டிக்கடை வழக்கம்தான் இது.

இரண்டில் ஒன்றை மட்டும்

இனி டி.எஸ்.பி. பாங்கிக்குத் திரும்புவோம்.

அந்தப் பாங்கி முன்பு லாயிட்ஸ் என்ற பெரிய பாங்கியின் ஓர் அங்கமாக இருந்தது. 2013-ம் ஆண்டு தனிக் குடித்தனம் வந்தது. ஆனால், கம்ப்யூட்டர் மட்டும் பழைய வீட்டிலேயே இருந்தது. அதற்காக லாயிட்ஸ் பாங்கிக்கு வாடகை போலப் பணம் கட்டி வந்தார்கள்.

2015-ம் ஆண்டு சபடெல் என்ற ஸ்பெயின் நாட்டுப் பாங்கி டி.எஸ்.பி.யை விலைக்கு வாங்கியது. தங்களுடைய சொந்த சாப்ட்வேருக்கே எல்லாக் கணக்குகளையும் கொண்டுவந்து விடலாம் என்று முடிவு செய்தார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் மாதம் மாற்றுவது என்று திட்டம். வேலை முடியவில்லை. நாள் தள்ளிப் போனது. கடைசியில் 2018 ஏப்ரலில் மாற்றினார்கள்.

நடந்தது என்ன என்று பின்னர் வக்கீல் நிறுவனம் ஒன்று விசாரித்தது. 2019 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. அதில் ஒரு விஷயம் எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

புதிய சாப்ட்வேர் ஓடுவதற்கு இரண்டு பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். வண்டிக்கு இரட்டை மாடு பூட்டுவதுபோல. கூட்டம் வந்தால் தாங்குமா என்ற சோதனையை நடத்தியபோது, இரண்டில் ஒன்றில் மட்டுமே நடத்தி இருந்தார்கள்!

ஒரு மாட்டை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி நன்றாகப் போகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு மாடு அதே சுழியா, அதே நடையா என்று யாரும் பார்க்கவில்லை. பாங்கியின் டைரக்டர்கள் காதுக்கும் இந்த விஷயம் போகவில்லை. மேடை திறந்த அன்று, இரண்டு நிலையங்களும் சேர்ந்து லட்சக்கணக்கான பேரைச் சமாளிக்க முடியாமல் திணறின.

ஒத்திகை நடக்காமல் இல்லை. நடந்த ஒத்திகை வேறு, மேடை வேறு. அதுதான் கோளாறு. பத்துப் பேர் உட்காரும் கொட்டகையில் கணீர் என்று கேட்ட குரல், பத்தாயிரம் பேர் கூடிய மைதானத்தில் எடுபடுமா?

டி.எஸ்.பி.க்கு அந்த ஆண்டு இதனால் ஏற்பட்ட செலவு 33 கோடி பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு 90 ரூபாய்க்கு மேல். நம் கணக்கில் சுமார் 3 ஆயிரம் கோடி ரூபாய்! 80 ஆயிரம் வாடிக்கைக்காரர்கள் வேறு பாங்கிக்குப் போனார்கள். தலைமை அதிகாரி அதே ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் பாங்கிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையைப் போலவே இன்னொன்றை அச்சு அசலாகக் கட்டுவது என்றால் ஏறக்குறைய இரட்டிப்புச் செலவு. யாரும் பார்க்காத ஒத்திகைக் கொட்டகைக்கு அவ்வளவு பணமா என்று முதலாளிகள் கணக்குப் பார்க்கிறார்கள். அதனால் கொட்டகை சிறியதாகிறது. எந்திரம் பழையதாகிறது. செலவைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடமும் அதுவாகவே இருக்கிறது. இந்தச் சிக்கனம் சிக்கனமே அல்ல என்பதற்கு அந்த 3 ஆயிரம் கோடி ரூபாயே சாட்சி.

எந்த வீட்டில் நிற்கிறோம்?

வீடுகள் மூன்று இருந்தால் மட்டும் போதாது. தான் இப்போது எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது வேலை செய்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

கிட்லேப் என்று ஒரு கம்பெனி. உலகம் முழுவதும் உள்ள புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை அங்கே பத்திரப்படுத்தி வைக்கிறார்கள்.

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. இரவு வெகு நேரம் ஆகிவிட்டது. வேலையை முடித்துக் கொள்ள வேண்டிய ஒரு என்ஜினீயர், திடீரென்று ஒரு தொல்லை முளைத்ததால் உட்கார்ந்து இருந்தார்.

அங்கே விவரங்களை வைத்து இருக்கும் சர்வர்கள் இரண்டு. ஒன்று அசல். இன்னொன்று நகல். அசலில் எழுதுவது எல்லாம் நகலிலும் உடனுக்குடன் ஏற வேண்டும். அன்று நகல் பின்தங்கிவிட்டது. நகலைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து நிரப்பலாம் என்று என்ஜினீயர் நினைத்தார். அழிக்கும் கட்டளையைத் தட்டினார்.

ஓரிரு விநாடிதான். தூக்கிவாரிப் போட்டது. அவர் தட்டியது நகலில் அல்ல. அசலில்!

இரண்டு சர்வர்களின் பெயர்களிலும் வித்தியாசம் ஒரே ஒரு எண். ஒன்றின் பெயரில் 1. மற்றதன் பெயரில் 2. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உடனே நிறுத்தினார். ஆனாலும் என்ன? 300 ஜிகாபைட் அளவு இருந்த விவரங்களில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்தான்.

போகட்டும், தினசரி எடுத்து வைக்கும் காப்பு நகல் இருக்குமே என்று தேடினார்கள். பெட்டி காலி. காப்பு எடுக்கும் புரோகிராம் பல நாட்களாகவே வேலை செய்யவில்லை. வேலை செய்யவில்லை என்று அது அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களும் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. மற்ற ஏற்பாடுகளும் ஒவ்வொன்றாகக் கை விரித்தன.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. சம்பவத்துக்கு சுமார் 6 மணி நேரம் முன்பு அதே என்ஜினீயர், ஒத்திகை வீட்டில் சோதித்துப் பார்ப்பதற்காக அசலின் பிரதி ஒன்றைக் கையால் எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்து இருந்தார்!

அந்தப் பிரதிதான் கம்பெனியைக் காப்பாற்றியது. வாரிக் கொடுத்தது ஒத்திகை வீடு.

ஆனால், அங்கேயும் சிக்கனம் காலை வாரிவிட்டது. ஒத்திகை வீட்டில் இருந்தவை விலை மலிவான, மெதுவான எந்திரங்கள். அதில் இருந்த விவரத்தை மேடைக்குத் திரும்பக் கொண்டு வர மணிக் கணக்கில் ஆயிற்று. சுமார் 18 மணி நேரம் கம்பெனியின் சேவை முடங்கிக் கிடந்தது. இடைப்பட்ட 6 மணி நேரத்தில் புதிதாக ஏறிய விவரங்கள் போனது போனதுதான். சுமார் 5 ஆயிரம் திட்டங்கள், 5 ஆயிரம் குறிப்புகள், 700 புதிய கணக்குகள்.

கம்பெனி எதையும் மறைக்கவில்லை. மீட்கும் வேலை நடப்பதை யூடியூபில் நேரடியாகவே ஒளிபரப்பியது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் நடந்ததை எல்லாம் எழுதியது. என்ஜினீயரின் பெயரை மட்டும் எழுதவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரு மனிதன் தவறு செய்வது இயற்கை, அந்தத் தவறு இவ்வளவு தூரம் போகும்படி வீட்டைக் கட்டியதுதான் குற்றம் என்பது அவர்களுடைய கட்சி. இது நியாயமான கட்சிதான்.

அதற்குப் பிறகு அவர்கள் போட்ட வேலைப் பட்டியலில், எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதும் ஒன்று. மேடைக்குச் சிவப்பு. ஒத்திகைக்கு மஞ்சள். இன்று பல கம்பெனிகளில் இப்படி நிறம் பூசி வைக்கிறார்கள்.

எட்டில் ஒன்று

பட்டறையில் இருந்து மேடைக்கு மூட்டையைத் தூக்கிப் போகிறபோதும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் நைட் காப்பிடல் என்ற பங்கு வியாபாரக் கம்பெனி இதில் மாட்டிக் கொண்டது.

2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் ஒரு புதிய திட்டம் ஆரம்பம். அதற்காக நைட் காப்பிடல் புதிய புரோகிராம் எழுதியது. அதை ஏற்ற வேண்டிய சர்வர்கள் மொத்தம் எட்டு. ஏற்றியவர் ஏழில் ஏற்றினார். எட்டாவதில் ஏற்ற மறந்துவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை.

அந்த எட்டாவது சர்வரில், 2003-ம் ஆண்டோடு கைவிடப்பட்ட ஒரு பழைய புரோகிராம் தூங்கிக் கொண்டு இருந்தது. புதிய புரோகிராமை எழுப்ப என்ன ஸ்விட்சு வைத்தார்களோ, அதே ஸ்விட்சுதான் அந்தப் பழையதற்கும்!

காலை 9-30-க்கு மார்க்கெட் திறந்தது. ஏழு சர்வர்களில் புதியது எழுந்தது. எட்டாவதில் பழையது எழுந்தது. வாங்கு, விற்பனை செய் என்று அது கட்டளை போட்டுக் கொண்டே இருந்தது. "போதும்" என்று அதற்குச் சொல்லும் பகுதியை 2005-ம் ஆண்டிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வாடிக்கைக்காரர்கள் கேட்டது 212 ஆர்டர்தான். அது நடத்தியது 40 லட்சம் வியாபாரம்!

புதிய புரோகிராமில்தான் தவறு என்று நினைத்து, சரியாக ஓடிய ஏழு சர்வர்களில் இருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். உடனே அந்த ஏழிலும் பழைய பூதம் எழுந்துவிட்டது. எல்லாம் 45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். மறு ஆண்டே அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக் கொண்டது.

மார்க்கெட் திறப்பதற்கு முன்பே, கோளாறைச் சுட்டிக்காட்டி 97 தகவல்களைக் கம்ப்யூட்டரே சிப்பந்திகளுக்கு அனுப்பி இருந்தது. அவை எச்சரிக்கைதான் என்று யாரும் எடுத்துக் கொள்ளவில்லை.

சுவர் இல்லாத வீடு

சில இடங்களில் ஒத்திகைக்கும் மேடைக்கும் இடையே சுவரே இருப்பது இல்லை.

2018 ஜனவரி 13-ந் தேதி காலை 8-07 மணி. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் எல்லாச் செல்போன்களும் அலறின. ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள் என்று எச்சரிக்கை! பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். அது பொய் எச்சரிக்கை என்று செல்போனில் மறு செய்தி வர 38 நிமிடம் ஆயிற்று.

எச்சரிக்கை அலுவலகத்தில் அன்று நடந்தது ஒத்திகை. ஒரு சிப்பந்தி அதை நிஜம் என்றே நம்பிவிட்டார். அங்கே இருந்த சாப்ட்வேரில் ஒத்திகையும் நிஜமும் தனித்தனியாகப் பிரிக்கப்படவில்லை என்று விசாரணை அதிகாரிகள் கண்டார்கள். "அனுப்பலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகூட இரண்டுக்கும் ஒன்றே.

எல்லோருக்கும் ஒரே நாளில்

இன்னொன்று நம் நாட்டிலும் எல்லோரும் கண்ணால் கண்டது.

2024 ஜூலை 19-ந் தேதி. விமான நிலையங்களில் கம்ப்யூட்டர் திரைகள் நீலமாகிச் செயல் இழந்தன. பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு சிறிய திருத்தம்தான் காரணம். அதைப் பரிசோதிக்க வேண்டிய புரோகிராமிலேயே ஓட்டை இருந்ததால், பிழை தப்பி வெளியே வந்துவிட்டது. 78 நிமிடத்தில் திருத்தத்தை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

முதலில் ஒரு ஆயிரம் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பி இருந்தால்? படுத்து இருப்பது ஆயிரத்தோடு போயிருக்கும். இனிமேல் அப்படிப் படிப்படியாகவே அனுப்புவோம் என்று கம்பெனி அறிவித்தது. ஒத்திகை எவ்வளவு நடத்தினாலும், மேடையின் ஓர் ஓரத்தில் மட்டும் முதலில் திரையைத் தூக்கிப் பார்க்கும் இந்த முறையைப் பல பெரிய கம்பெனிகள் முன்பே கையாண்டு வந்தன.

ஞாயிறு அதிகாலை

"ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை எங்கள் சேவை இயங்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பாங்கியில் இருந்து இப்படி ஒரு செய்தி உங்கள் செல்போனுக்கும் வந்து இருக்கும். படித்துவிட்டு மறந்து இருப்பீர்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஒரு மூட்டை ஒத்திகைக் கொட்டகையில் இருந்து மேடைக்கு ஏறுகிறது.

ஊர் தூங்கும் அந்த நேரத்தில் ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் விழித்து இருப்பார்கள். எதிரே ஒரு பட்டியல். எந்த சர்வரில் ஏற்றியாயிற்று, எதில் இல்லை என்று ஒருவர் படிப்பார். இன்னொருவர் சரிபார்த்து அடையாளம் போடுவார். ஏதாவது தவறினால் பழையதற்கே திரும்பிப் போக வழி, அதற்குக் கடைசிக் கெடு எத்தனை மணி என்பதும் அந்தப் பட்டியலில் எழுதி இருக்கும். கெடு தாண்டினால் திரும்ப முடியாது. 5 மணிக்கு வாடிக்கைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

ஏற்றி முடித்ததும் சிலர் ஒரு காரியம் செய்வது உண்டு. தங்களில் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் இருந்து பக்கத்தில் உட்கார்ந்து இருப்பவருடைய கணக்குக்கு ஒரே ஒரு ரூபாய் அனுப்புவார். அது போய்ச் சேர்ந்ததா என்று எல்லோரும் செல்போனையே பார்த்துக் கொண்டு இருப்பார்கள்.